மாமனாருக்கு ஆறாவது கட்டர்

சகல ஜனங்களும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போர், பஞ்சம், பூகம்பம் எல்லாம் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும். ஈத்தூண்டில் போடுகிற மனிதன் தூண்டில் நரம்பை, அதாவது நைலான் இழையை, வெட்டுவதற்கு மலிவான கட்டர் வாங்க வேண்டுமா, உசத்தியான கட்டர் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் வைத்து முடிவான பதில் அறிவிக்கப்படும்.

அறிவிக்கச் சொன்னவர் மாமனார். அறிவிக்க வேண்டியவன் சின்ன மாப்பிள்ளை. திங்கட்கிழமையிலிருந்து அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் வலது கால் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

மாமனாருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. 'உங்கள் பார்வை எங்கள் பொறுப்பு' என்று பலகை மாட்டி நாற்பது வருஷமாகப் பொறுப்போடு இருப்பவர். கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது சின்ன மாப்பிள்ளையின் வேலை. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஆறு வருஷமாகக் கேட்கிறான். பதில் சொல்ல முடியாமல் திணறுகிறவர்களைப் பார்த்து அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

அதே ஆறு வருஷமாக அவன் வீட்டோட மாப்பிள்ளை. அந்தப் பட்டத்துக்குத் தேர்வு கிடையாது. வாங்கினால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. குறை குளியலறையில்தான். அதன் விளக்குக்கு சுவிட்ச் வெளியே இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரரான மாமனார், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அதைத் தட்டிவிட்டுப் போவார். கண்ணெல்லாம் சோப்போடு இவன் இருட்டிலிருந்து குரல் கொடுப்பான்:

"மாமா, உள்ள நான் இருக்கேன்!"

"ஓ... இருக்கீங்களா?" என்பார் அவர், ஏதோ புதுத் தகவல் மாதிரி.

ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் இரண்டாவது கடை எடுத்திருந்தார். கடைக்கு மேலே இரண்டு அறை. கடையை யார் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கே அந்த அறைகளும். சின்ன மாப்பிள்ளை மனைவியோடு போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான். குளியலறையின் சுவிட்ச் உள்ளே இருந்தது. அவன் அதைப் பதினொரு தடவை போட்டுப் போட்டு அணைத்தான். மனைவி வாசலில் நின்று எண்ணினாள்.

அந்தக் கடையைத்தான் மாமனார் இப்போது கட்டரோடு முடிச்சுப் போட்டுவிட்டார்.

ஈத்தூண்டில் என்றால் வேறொன்றுமில்லை. புழு குத்துவதற்குப் பதிலாக, இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி செய்த தூண்டில் முள்ளைத் தண்ணீர் மேல் வீசி மீனை ஏமாற்றப் பார்ப்பது. மீன் ஏமாறவில்லை என்றால் வேறு ஈ. ஒவ்வொரு தடவையும் நரம்பை வெட்டி, கடுகுக்குப் பாதி இருக்கும் முள்ளின் காதில் நுனியைக் கோத்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வெட்ட வேண்டும். மாமனாருக்கு வெட்டுவது தகராறு இல்லை. கோப்பதுதான் தகராறு. நுனியை நாக்கில் நனைப்பார், ஒரு கண்ணை மூடுவார், முள்ளைப் பிடித்த கையை நீட்டுவார், இன்னும் நீட்டுவார்; கடைசியில் கை தீர்ந்துவிடும்.

"நுனி பிசிறடிக்குது. கட்டர் சரியில்ல" என்பார்.

அப்படி ஐந்து கட்டர் மாறியாயிற்று. முதல் இரண்டும் அவரே வாங்கியவை. அடுத்த மூன்றும் பெரிய மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தவை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடியது. விலை ஏறியதே தவிர நுனி காதுக்குள் போகவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் மாமனார் அவனைக் கூப்பிட்டு மேஜைமேல் இரண்டு கட்டரை வைத்தார். ஒன்று பேருந்து நிலையத்து நடைபாதையில் சீப்பு, சாவிக்கொத்து, கைக்குட்டைகளுக்கு நடுவே கிடந்தது. பார்ப்பதற்கு நகவெட்டியின் தம்பி. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வெல்வெட் பெட்டிக்குள் வந்தது; விண்வெளிக்குப் போகிற உலோகமாம். கூடவே பதினாறு பக்கப் புத்தகம். விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"நல்லா பாருங்க மாப்ளே. ஒரு வாரம் டைம். மலிவா, உசத்தியா? ஞாயித்துக்கிழமை ஆத்துல வச்சு எனக்கு ஒரே வார்த்தை சொல்லணும். ஒரு சின்ன சாமான்ல முடிவெடுக்கத் தெரியாதவன்கிட்ட நான் எப்படி ஒரு கடையைக் குடுக்கிறது?"

"பெரிய மாப்பிள்ளைகிட்டயும் கேட்டீங்களா மாமா?"

"அவரும் சொல்லுவாரு."

பெரிய மாப்பிள்ளை காப்பீடு விற்பவர். வில்லையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. ஆனால் மாமனாரின் முன்பக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சின்ன மாப்பிள்ளை இரண்டு கட்டரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தான். வந்தவர்களுக்குக் கண் பார்க்கும்போதும் ஒரு கை பைக்குள் டிக் டிக் என்றது. "என்ன சார் சத்தம்?" என்று ஒருவர் பயந்துபோய்க் கேட்டார். "மெஷின்" என்றான். சாயங்காலம் எண்பது துண்டு நரம்பை வெட்டி, நாற்பது இதில், நாற்பது அதில், உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தான். உசத்தி வெட்டிய நுனி கொஞ்சம் வழவழப்பு. மலிவு வெட்டியது கொஞ்சம் சொரசொரப்பு. இரண்டும் முதல் முயற்சியிலேயே முள்ளின் காதில் போயின.

புதன்கிழமை காலை மனைவி காப்பித் தம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"என்னங்க, விடிஞ்சதுலேருந்து கூடத்துக்கும் வாசலுக்கும் எத்தனை நடை? ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு."

"உங்கப்பா கேட்டதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலடி."

"கட்டர் வெட்டுதா?"

"வெட்டுது."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"அப்புறம் என்ன?"

"கோளாறு கட்டர்ல இல்ல. உங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தவன் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "தெரியும். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பால்காரருக்கே தெரியும். அவர்கிட்ட போய்ச் சொல்ற தைரியம் இருந்தா சொல்லுங்க. ஆனா அதுக்கப்புறம் சுவிட்ச் வெளியதான்."

அதுதான் சங்கதி. 'நாப்பது தாண்டினா யாரா இருந்தாலும் கண்ணாடி வேணும், இதுல கூச்சப்பட என்ன இருக்கு?' என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் மாமனார், அறுபத்தேழு வயதிலும் கண்ணாடி போடவில்லை. தினமும் கடை திறந்ததும் பின்னறைக்கு வந்து, எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டு, "பாத்தீங்களா மாப்ளே, இதுதான் கண்ணு!" என்பார். போன வருஷம் பலகையைத் துடைக்கக் கழற்றியிருந்தார்கள். அன்றைக்கும் வெறும் சுவரைப் பார்த்துக் கடைசி வரிவரை படித்தார். சின்ன மாப்பிள்ளை, "பிரமாதம் மாமா" என்றான்.

வியாழக்கிழமை பெரிய மாப்பிள்ளை கடைக்கு வந்தார். நடக்கும்போதே கைகுலுக்குகிற மாதிரி நடப்பவர்.

"என்ன சகலை, கண்ணெல்லாம் குழி விழுந்திருக்கு? நீங்களே ஒரு கண்ணாடி போட்டுக்கறதுதானே?"

"தூக்கம் இல்லண்ணே."

"எதுக்கு இவ்ளோ யோசனை? நான் உசத்தின்னு சொல்லப்போறேன். தான் ஒரு மலிவான ஆளுன்னு மாமா எப்பவாவது சொல்லிட்டுத் திரிஞ்சிருக்காரா?"

"உசத்தியிலயும் கோக்க முடியலன்னா?"

"அதைவிட உசத்தி ஒண்ணு இருக்குன்னு சொல்லுவேன். மேல போக எல்லை உண்டா சகலை?" என்று சொல்லி அவன் தோளில் தட்டினார். தட்டியது மூன்று நிமிஷம் வலித்தது.

வெள்ளிக்கிழமை அவன் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டான். மலிவு என்றால் மாமனாருக்குக் கோபம் வரும். உசத்தி என்றால் பெரியவர் முந்திக்கொள்வார். உண்மையைச் சொன்னால் கடை மட்டுமல்ல, இருக்கிற அறையும் போகும். நாற்காலியில் ஒரு கிழவர், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு தம்பி, எதைச் சொல்ல?" என்று கெஞ்சினார். "அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான், வாழ்க்கையில் முதல் தடவையாக மனப்பூர்வமாக.

சனிக்கிழமை மதியம் கடை அடைத்திருந்த நேரத்தில் அவன் பட்டறை மூலையில் உட்கார்ந்தான். கால் ஆடவில்லை. படிக்கிற கண்ணாடிக்குப் போடும் ப்ளஸ் நாலு வில்லை ஒன்றை எடுத்து நாணய அளவுக்குத் தேய்த்தான். ஃப்ரேம் இல்லாத கண்ணாடிகளுக்குத் துளை போடுகிற குட்டி டிரில்லால் ஓரத்தில் ஒரு துளை போட்டான். வில்லையை மாட்டுவதற்காக, கட்டரில் கயிறு கட்டுகிற ஓட்டையில் ஒரு திருகை விட்டுப் பார்த்தான். உசத்தியின் ஓட்டை வெறும் அலங்காரம், திருகு நுழையவில்லை. மலிவின் ஓட்டையில் தாராளமாக நுழைந்தது. விரலால் தள்ளினால் வில்லை விசிறி மாதிரி வெளியே வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. ரப்பர் கால்சட்டையும் தொப்பியுமாக மாமனார் ஆற்றுக்குள், தண்ணீரே தன்னைக் கேட்டுத்தான் ஓடவேண்டும் என்கிற தோரணையில் நின்றார். இரண்டு மாப்பிள்ளைகளும் பக்கத்துக்கு ஒருவராக.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க."

"உசத்தி மாமா. இதுல கேள்வியே இல்ல."

வெல்வெட் பெட்டி திறந்தது. விண்வெளி உலோகம் நரம்பை வெட்டியது. மாமனார் நுனியை நாக்கில் நனைத்தார். கை நீண்டது. முதல் தடவை. இரண்டாம் தடவை. ஐந்தாம் தடவையில் ஈயும் முள்ளும் ஆற்றோடு போயின.

"பிசிறு" என்றார் மாமனார்.

"இதைவிட உசத்தி ஒண்ணு..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லுங்க சின்னவரே. ஒரே வார்த்தை."

சின்ன மாப்பிள்ளை வில்லை மாட்டிய கட்டரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "வார்த்தைக்கு முன்னாடி இதைப் பிடிங்க மாமா. கம்பெனிக்காரன் நுனியைச் சோதிக்கிறதுக்குன்னு ஒரு வில்லை வச்சிருக்கான். கண்ணுக்கு இல்ல, கண்ணுக்கு இல்ல. நரம்புல பிசிறு இருக்கான்னு பாக்க."

"நரம்பைப் பாக்கத்தானே?"

"நரம்பை மட்டும்தான் மாமா."

மாமனார் வெட்டினார். வில்லையைத் தள்ளி, நரம்பைச் சோதிக்கிற பாவனையில் குனிந்தார். வில்லையை விலக்கி ஒருமுறை பார்த்தார், மறுபடி வில்லை வழியாகப் பார்த்தார். பிறகு வில்லைக்கு அடியில் முள்ளைக் கொண்டுவந்தார். நுனி காதுக்குள் ஒரே போக்கில் போனது, தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

"பாத்தீங்களா!" என்று மாமனார் கத்தினார். "உசத்தின்னா உசத்திதான்யா!"

"கையில எடுத்ததுமே தெரிஞ்சுது மாமா, அந்த ஃபினிஷிங்!" என்றார் பெரிய மாப்பிள்ளை.

நடைபாதையில் சீப்புகளுக்கு நடுவே கிடந்த கட்டர் வெயிலில் பளபளத்தது. சின்ன மாப்பிள்ளை திருத்தவில்லை. மனதுக்குள் சுவிட்சைப் போட்டான், அணைத்தான், போட்டான்.

மாமனார் அடுத்தடுத்து நாலு ஈ மாற்றினார். மீனுக்காக அல்ல, கோத்துப் பார்க்கிற சந்தோஷத்துக்காக. பிறகு சின்ன மாப்பிள்ளையைக் கரையோரமாகத் தனியே அழைத்துப் போனார்.

"இந்த வில்லை என்ன நம்பர் மாப்ளே?"

"ப்ளஸ் நாலு மாமா."

மாமனார் தண்ணீரைப் பார்த்தபடி தலையாட்டினார். கட்டர் கம்பெனிக்காரர்கள் ப்ளஸ் நாலு என்றெல்லாம் பேசுவதில்லை என்பது நாற்பது வருஷம் கண்ணாடி விற்றவருக்குத் தெரியாதா? "ம்... நரம்புக்குச் சரியான நம்பர்தான். இந்தக் கட்டர் விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

"சத்தியமா மாமா."

"உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்ச ஆளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா இருக்க முடியுமா? புதுக்கடையைப் பெரியவர் பாக்கட்டும். அவருக்கு ஒண்ணும் தெரியாது, பிரச்சினையில்ல. நீங்க எப்பவும் என் கண் முன்னாடியே இருக்கணும்."

திரும்பி வரும்போது காரில் பெரிய மாப்பிள்ளை பாட்டுப் பாடினார். சின்ன மாப்பிள்ளையின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. வீட்டில் மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் தலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது.

"மாமா, உள்ள நான் இருக்கேன்!"

"தெரியும் மாப்ளே" என்றபடி செருப்புச் சத்தம் கடந்து போனது.

கட்டர் விஷயத்தில் முடிவான பதில்: இரண்டும் வெட்டும்.