இரண்டாவது கையெழுத்து

பிரின்னுக்கு உரிமம் வந்ததற்காக ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். அவள் வீட்டுச் சாமான்கள் இன்னும் அட்டைப்பெட்டிகளில்தான் இருந்தன. ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள மாநிலங்கள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், அக்கரையில் பள்ளி உளவியலாளராக இருந்தவளுக்கு இக்கரையில் விண்ணப்பித்ததே போதுமாக இருந்தது.

அந்தப் பள்ளியின் மூத்த உளவியலாளர் லோர்னா அதே ஆற்றைக் கடந்து வந்த காலத்தில் ஒப்பந்தம் கிடையாது. பல வருட அனுபவத்தோடு வந்தவளை மறுபடி ஓராண்டு பயிற்சியில் உட்காரவைத்தார்கள். அவளைவிட இளையவன் ஒருவன் அவளுடைய ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்திட்டான்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? கேக்குல உப்பையா போட்டுட்டாங்க?" என்று லோர்னாவிடம் கேட்டாள் அலுவலகத்து டாட்டி.

"கிரீம் ஜாஸ்தி."

மறுநாள் லோர்னா பிரின்னிடம் சொன்னாள்: "முதல் வருஷம் உன் அறிக்கையில எல்லாம் நானும் கையெழுத்துப் போடணும். இங்க அப்படித்தான்."

சொல்லும்போதே அது பொய்யென்று அவளுக்குத் தெரிந்தது. சொன்ன பிறகு நெஞ்சு லேசானது.

"சரி, லோர்னா."

முதல் அறிக்கை வாசிக்கத் திணறும் ஒரு சிறுமியைப் பற்றியது. லோர்னா குறை தேடிப் படித்தாள். 'யாரும் கேட்கவில்லை என்று நினைத்தால் வகுப்பில் வளர்க்கும் முயலுக்குத் தடங்கலின்றி வாசித்துக்காட்டுகிறாள்' என்றிருந்தது. போன வருடம் அதே சிறுமியைச் சோதித்தவள் லோர்னா. முயல் அப்போதும் அங்கேதான் இருந்தது; லோர்னாவின் கண்ணில்தான் படவில்லை. இதுவரை உரிமத்தின்மேல் இருந்த எரிச்சல் இப்போது பிரின்னின் கண்களின்மேல் போய் உட்கார்ந்தது. அறிக்கையை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் ஹால்வர்சன் வந்தார். "அந்தப் பொண்ணோட அம்மா ஆபீஸ்ல காத்திட்டிருக்காங்க. அறிக்கை எங்க? இன்னிக்கு அவங்க கைக்குப் போகலேன்னா கூட்டம் தள்ளிப்போகும். உதவி வகுப்பும் தள்ளிப்போகும்."

லோர்னா இழுப்பறையைப் பார்த்தாள்.

"நான்தான் லோர்னாவைப் படிச்சுப் பாக்கச் சொன்னேன்," என்றாள் பக்கத்து மேசையிலிருந்த பிரின். "தாமதம் என்னால."

அவர் போனதும் லோர்னா கேட்டாள்: "என் கையெழுத்து தேவையில்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"உரிமம் வந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கொடுத்தே?"

"உங்களை ஒரு வருஷம் எப்படி உக்கார வச்சாங்கன்னு டாட்டி சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

சண்டை போட்டிருந்தால் லோர்னா தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையும் இவளுக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல் வந்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது. இழுப்பறையைத் திறந்து, பேனாவைத் தொடாமல், அறிக்கையை எடுத்து நீட்டினாள்.

"ஓடு. அந்த அம்மா கிளம்பறதுக்குள்ள கொடுத்துடு."