மாமா, இருக்கீங்களா?

2024 ஒக்டோபர் 11, வெள்ளி. அப்பா மூச்சு மெஷினைத் தினமும் போடுகிறார் என்று கிளினிக்கில் சொன்னேன். போனில் அவர் சொன்னதை நம்பிச் சொன்னது. பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என் பிழை.

டயரியில் எழுதிவிட்டு விதுஷா பேனையை மூடினாள். மாலை வகுப்பை விட்டுவிட்டு, கிளினிக்கிலிருந்து அப்பா நாகமுத்துவோடு எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் நர்ஸ் மெஷினில் பதிவான மணிக்கணக்கைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிட்டது. இரவில் கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்கிறது. தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்த அவர் நெஞ்சைப் போன மாதம்தான் கரண்ட் வைத்துச் சீராக்கியிருந்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் துடிப்பு மறுபடி கெட்டுவிடும், மெஷினின் மாஸ்க்கை விடியும்வரை கழற்றக்கூடாது என்றார் டொக்டர்.

"மாஸ்க் வலிக்குதாப்பா?"

"இல்ல புள்ள."

"காத்து ரொம்ப வேகமா வருதா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

தனக்குத்தான் சரியாகக் கேட்கத் தெரியவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். அதற்குள் ஒரே சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா வீட்டுச் சசிக்குமார் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான்.

"விது, மெஷின் குடுத்தவங்களுக்கு ஒரு கும்புடு! முந்தி மாமா கொறட்டைல கூரைத் தகரமே ஆடும். பொசுக்குன்னு நின்னா எனக்குப் பயம். செவுத்துல தட்டி, 'மாமா, இருக்கீங்களா?'ன்னு கத்துவேன்."

"இருக்கேன்டா. ஒன் கல்யாணச் சோறு திங்காம போவேனா?" என்றார் நாகமுத்து.

"அதுக்கு நீங்க நூறு வருசம் இருக்கணும்! இப்ப மெஷின் போட்டா சத்தமே இல்ல. நானும் அசந்துடுறேன். ஆனா நடுவுல மறுபடி கொறட்ட கேக்குது. தட்டத்தான் வேண்டியிருக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். விதுஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே கழட்டுறீங்களாப்பா?"

நாகமுத்து மாஸ்க்கின் பட்டியை விரலில் சுற்றினார்.

"அம்மா போன பொறகு ராவுல என்னயத் தேடுறது அவன் ஒருத்தன்தான் புள்ள. அத மாட்டிக்கிட்டா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பயனில்லை. ஞாயிறு அவள் மாத்தளையில் தங்கியிருக்கும் போர்டிங்குக்குத் திரும்பியாக வேண்டும். வேலை இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் காம்பராவில் அவர் மட்டும்தான். சசியைக் கூப்பிட வாசல்வரை போனாள். அப்பா கேட்டுக்கொண்டிருக்க எப்படிச் சொல்வது என்று தயங்கித் திரும்பிவந்தாள். பேனையைத் திறந்து, விட்ட இடத்தின் கீழே எழுதினாள்:

நாளை மாஸ்க்கைக் கழுவிக் காயவைக்க வேண்டும். தினமும் இரவு அப்பா அதை மாட்டிப் படுக்கும் நேரத்துக்கு ஒருதரம் சுவரில் தட்டிக் கூப்பிடும்படி சசி அண்ணனிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாஸ்க்கோடு பேச முடியாவிட்டாலும் அப்பா திருப்பித் தட்டலாம்.