மூக்கைப் பார்க்கும் கண்

...நஞ்சு, ஐயமே இல்லை, நஞ்சேதான், மருந்தென்று பெயரிட்டுவிட்டால் அமுதாகிவிடுமா, உள்ளே கெட்டு நஞ்சூறி உப்பிய பீன்ஸ் டப்பாவைக் கண்டால் அம்மா இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைப்பாளே, ஒரு துளி நாவில் பட்டால் மூச்சே நின்றுவிடும் என்பாளே, அதே நஞ்சை, வலக்கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசையை முடக்கிப்போட, அந்தத் தசைக்குள்ளேயே ஏற்றிக்கொள்ள இன்று வெர்னா சாய்ந்து படுத்திருக்கிறாள், எதற்காக, பார்வை மங்கிற்றா, இல்லை, வலியா, இல்லை, மூக்கின் பக்கம் திரும்பிய ஒரு கண்ணைக் காணச் சகிக்காத கனவான்கள் இந்த சான் பிரான்சிஸ்கோ நகரெங்கும் நிறைந்திருப்பதற்காக... துணிக்கடையின் பின்கட்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்கிறாளே, "கண்ணு நேரானதும் சொல்லு வெர்னா, அன்னிக்கே உன்னை முன்னால நிறுத்துறேன்" என்று மேலாளர் ஹாலோரன் சொன்னானே, அதைச் சொல்லும்போதும் அவள் கண்ணைத் தவிர்த்துக் காதணியைத்தானே பார்த்தான், த்தூ, நிமிர்த்த வேண்டியது எதை?

"போன வாரம் ஒரு லாரிக்காரரு, ஆறரை அடி ஆளு, ஊசியப் பாத்ததும் பூட்ஸைக்கூட மாட்டாம ஓடிட்டாரு, நீ தேவலை கண்ணு" என்று நர்ஸ் ரமோனா சிரிக்கிறாள்... மரத்துப்போக விட்ட சொட்டு மருந்து தொண்டைவரை கசக்கிறது, கம்பி பொருத்திய ஊசி உள்ளே போய்விட்டது, வலியில்லை, புழு நெளிவதுபோல் ஓர் அழுத்தம், முனை சரியான தசையில்தான் இருக்கிறதா என்பதை தசை இழுக்கும்போது எழும் மின்துடிப்பை ஒலியாக்கி மேசைமேலுள்ள ஒலிபெருக்கி சொல்ல வேண்டுமாம், இப்போது அதில் வெறும் இரைச்சல். "வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க, எடுத்துடறேன்" என்கிறார் டாக்டர், "சரின்னா, அந்தக் கண்ணால மூக்கப் பாருங்க, எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

மூக்கைப் பார், பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் சுற்றி நின்று அதைத்தானே கேட்டார்கள், "இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுடி" என்று, அன்று தொடங்கி முடியை வளர்த்து, தலையைச் சாய்த்து, புகைப்படந்தோறும் பக்கவாட்டில் நின்று மறைத்த கண், இப்போதும் பழக்கதோஷத்தால் வெளிப்புறம் ஒதுங்கப் பார்க்கிறது, ஒலிபெருக்கியில் இன்னும் அதே வெற்று இரைச்சல்தான், "ஒளிக்காதீங்க" என்கிறார்... எழுந்துவிடலாம், கதவு எட்டடியில்தான், எழுந்தால் மீண்டும் பின்கட்டு, மீண்டும் பெட்டிகள்... சீ, செய்து தொலைக்கிறேன் என்று இழுத்தாள், முப்பத்தோராண்டு அருவருப்பையும் சேர்த்து இழுத்தாள், தகரக்கூரையில் கல்மழை விழுந்ததுபோல் ஒலிபெருக்கி அலறியது, அது அவளுடைய தசை. "அருமை! என்ன பலம்! அப்படியே வெச்சிருங்க" என்று டாக்டர் ஊசியை அழுத்துகிறார், அருமையா, அந்தக் கண்ணை ஒருவர் புகழ்ந்தது இதுவே முதல்முறை, அதை முடக்கும் நொடியிலா புகழ்வது, எவ்வளவு அசிங்கம்... ஆனால் நெஞ்சு இனிக்கிறதே, யாரும் கேட்காமலே இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துக் காட்டுகிறாளே, ஏன்...