இன்னொரு சுருள்

முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய பிள்ளைகளை மாதா கோயில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்து முடித்தபோது கடற்கரைப் பக்கமிருந்து கூக்குரல் கேட்டது. ஊரே ஓடியது. வாவு முகம்மதும் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடினார். இராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் அவர். சாயல்குடிக்குக் கிழக்கேயிருந்த அந்த மீனவர் ஊருக்கு இந்தப் படத்துக்காகவே பஸ் பிடித்து வந்திருந்தார்.

எல்லோரும் பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உப்பளக் கம்பெனியின் காவல்காரர்கள் கடலோரக் குடிசைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்த ஏட்டு பூவரச மரத்தடியில் நின்றிருந்தார். மிக்கேலம்மாளின் வீடு ஏற்கெனவே சரிந்து கிடந்தது. அவள் அழவில்லை. விழுந்த கூரைக்கு அடியிலிருந்து ஒரு சட்டியை உருவி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாய், இங்கன குடியிருப்பே இல்லைன்னு கம்பெனிக்காரய்ங்க கலெக்டர்ட்ட எழுதிக் குடுத்திருக்காய்ங்க. எம் வீட்ட ஒரு படம் புடிங்க."

அவர் எடுத்தார். அடுத்த குடிசையின் கூரையை இழுத்துக்கொண்டிருந்தவர்களையும் எடுத்தார். ஏட்டு மரத்தடியை விட்டு வந்தார்.

"யோவ், யாரக் கேட்டுப் படம் புடிக்கிற? கொண்டா அத."

கரையொதுங்கும் அநாதைப் பிணங்களைப் படமெடுக்க போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாவு முகம்மதைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவன் இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றை எடுத்தால்கூட அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பார்கள். அதைப் பலமுறை பார்த்திருக்கிறார்.

"படம் புடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு ஏட்டய்யா? எடுக்கணும்னா எடுத்துக்கங்க. எதுக்கு எடுக்குறீகன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தால் அங்கே துணை நின்றதையும் ஏட்டு எழுத வேண்டியிருக்கும். ஏட்டு கேமராவைப் பறித்தார். கொக்கியைத் தடவித் திறந்து சுருளை உருவினார். பிலிம் வெயிலில் வளைந்து வளைந்து நீண்டு மணலில் விழுந்தது.

"இந்தா, இதான் கையெழுத்து."

கேமராவும் அதன்மேல் வந்து விழுந்தது.

புதுநன்மை முக்காடிட்ட மகளைக் கையில் பிடித்தபடி நின்ற ஜோதிமேரி, "ஐயோ, எம் புள்ள படமும் அதுலதான இருந்துச்சு?" என்றாள். அந்தத் தவிப்பு ஒவ்வொரு தாயின் முகத்திலும் பரவியது.

வாவு முகம்மது கேமராவை எடுத்து மணலை ஊதினார். லென்சில் கீறல் இல்லை. பேசாமல் பஸ்ஸுக்கு நடந்துவிடலாம். ஸ்டேஷன் வேலையாவது மிஞ்சும். அப்படித்தான் நினைத்தார். ஆனால் கை தானாகப் பைக்குள் போனது. மணலில் கிடந்த சுருளை இன்னொரு முறை பார்த்தார். ஏட்டுக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார்:

"இன்னொரு சுருள் இருக்கு. நிழல்ல வச்சுத்தான் மாட்டணும்."

நிழல் பூவரசின் கீழ் மட்டுமே இருந்தது. அங்கே இப்போது காவல்காரர்கள் நின்றிருந்தார்கள். மிக்கேலம்மாள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்தாள். ஜோதிமேரி வந்தாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். சேலைகளுக்கு நடுவே, மீன் வாடையும் மெழுகுவர்த்தி வாடையும் கலந்த அரை இருட்டில், அவர் விரல்களால் தடவிச் சுருளை மாட்டினார். வெளியே லத்தி தரையில் தட்டியது.

"விலகுங்கடி!"

"விலக மாட்டோம்," என்றாள் மிக்கேலம்மாள். "அடிக்கிறதுன்னா அடிங்க. அதையும் பாய் புடிக்கட்டும்."

முந்தானைகள் விலகியபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சரிந்த கூரையின் முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மிக்கேலம்மாள் போய் நடுவில் நின்றாள்.

வாவு முகம்மது கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தார். அதன் மேல்பக்கக் கண்ணாடியில் எல்லாமே இடம் வலம் மாறித் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு காக்கிக் கால் உள்ளே வந்தது. பிறகு தொப்பி, பிறகு லத்தி.

"எல்லாரும் அசையாம நில்லுங்க," என்றார். "ஏட்டய்யா, நீங்களுந்தான்."

கண்ணாடிக்குள், ஓங்கிய லத்தி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது.