பக்கத்தில் ஆர் நின்றது?

என் வீட்டுக்காரர் தில்லையம்பலம் எழுத்தாளர். மன்னாரில் இருந்தபோது எழுதிய ஒரு கதைக்காக ஆமிக்காரரும் அவரைத் தேடினார்கள், இயக்கப் பெடியங்களும் தேடினார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் எழுதுவது லேசான காரியமல்ல. தொண்ணூறில் படகேறி மண்டபம் முகாமுக்கு வந்தோம். இன்றுவரை இங்கேதான் இருக்கிறோம்.

வந்த பிறகு அவர் எதையும் நேராக எழுதியதில்லை. ஊரில் இருக்கும் தன் அக்கா, என் மச்சாள் செல்வநாயகிக்கு அவர் அனுப்பும் கடிதங்களை வழியில் யார் யாரோ பிரித்துப் படித்த காலம் அது. அதனால் காற்று, மழை, அயல்வீட்டு ஆடு என்று எழுதுவார். 'இங்கே வாசலில் ஒன்றும் நடவில்லை' என்ற வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். திரும்பி வருகிறவன் எதற்கு மரம் வைக்க வேண்டும்? மச்சாளுக்கு அது விளங்கும். அந்த வரியை நம்பித்தான் ஊர் வீட்டை விற்காமல் வைத்திருந்தார். முகாமில் வீட்டுக்கு வீடு முருங்கை நிற்க, நான் மட்டும் ஒரு பிடி கீரைக்கு அடுத்த வீட்டில் கை நீட்டினேன்.

போகப்போக அவருடைய கதைகளும் கடிதம் மாதிரியே ஆகிவிட்டன. சென்னைப் பத்திரிகைக்காரர்கள் 'சொல்லாமல் சொல்லும் கலை' என்று புகழ்ந்தார்கள். எனக்குத் தெரிந்து அதன் பெயர் பயம்.

போன மாசியில் மச்சாளின் மகள் டிலக்ஷனா எனக்குப் போன் எடுத்தாள். அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும், வீட்டை விற்றால்தான் முடியும், ஆனால் தம்பி வருவான் என்று பிடிவாதமாக மறுக்கிறார் என்று அழுதாள். வரமாட்டேன் என்று மாமா ஒரு வரி எழுதினால் போதுமாம்.

அவர் வரப்போவதில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். மகன் சுகந்தனுக்கு இராமநாதபுரத்தில் பெயிண்ட் வேலை. பேரப்பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது. அவருக்கும் தெரியும், வாய்தான் வராது. மூன்று காகிதம் எழுதிக் கிழித்தார். மூன்றிலும் கச்சான் காற்றுதான் வீசியது. ஆத்திரம் தாங்காமல் நானே பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். 'அக்கா, நான் வரமாட்டேன். வீட்டை விற்றுவிடுங்கள்.' அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சாளே கூப்பிட்டார். கையெழுத்து தம்பியுடையதுதான், ஆனால் தம்பி இப்படி எழுதமாட்டான் என்றார். அந்த நாளில் துவக்கைக் காட்டி எழுதுவித்த கடிதங்கள்தான் இப்படி நறுக்கென்று இருக்கும். மச்சாள் அப்படிச் சிலதைப் பார்த்தவர்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. எழுதேக்க தம்பிக்குப் பக்கத்தில ஆர் நிண்டது?"

நான்தான் நின்றேன் என்றேன். என்னையும் யாரோ அப்படிச் சொல்ல வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இனி அவர் விற்கப்போவதில்லை. ஆபரேஷன் நடக்கப்போவதும் இல்லை.

வீட்டுக்காரர் என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று போன் பேசுவதையே தவிர்க்கிற மனிதர். காற்றைப் பற்றிப் பேசினார். ஆட்டைப் பற்றிப் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, வாசலில ஒரு தென்னம்பிள்ளை வச்சிருக்கிறன்."

அந்தப் பக்கம் மச்சாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நல்லது தம்பி. நான் வீட்டைக் குடுக்கிறன். நீ அதுக்குத் தண்ணி ஊத்து."

எங்கள் வாசலில் தென்னம்பிள்ளை எதுவும் இல்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்றுப் பண்ணை இருக்கிற உச்சிப்புளிக்குப் பஸ் ஏறப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் குழி தோண்டி வைத்தேன்.