அறுபதாவது பல்

சனிக்கிழமை காலை. நெய்வேலி டவுன்ஷிப் கடைத்தெருவில் இருந்த பல் கிளினிக்கின் பின்னறையில், வெண்மதி உப்புநீர்ப் புட்டியிலிருந்து பற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்ருட்டியில் முந்திரிப் பருப்பைத் தரம் பிரிப்பவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள்.

பல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் அவளுக்கு ஆராய்ச்சி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ரூட் கெனால் செய்யும்போது வேருக்குள் அடைக்கப் புதிதாக ஒரு பசை வந்திருந்தது. பழையதைவிட அது நன்றாக அடைக்குமா? பிடுங்கிய பல்லின் வேரில் அதை நிரப்பி, சாயத்தில் ஊறவைத்து, நீளவாக்கில் பிளந்து பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அதற்கு விரிசல் இல்லாத, நேரான ஒற்றை வேர்ப் பற்கள் அறுபது வேண்டும். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும். கிளினிக் டாக்டர் சசிகுமார் புண்ணியத்தில் ஐம்பத்தொன்பது சேர்ந்துவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சேர்ந்தது? தோழிகள் ஒரு வருடமாக அலைகிறார்களே! அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. கையிலிருந்த பல்லில் சொத்தை இருந்தது, வேர் மட்டும் கல்லுமாதிரி உறுதியாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படியே. பாதிக்கு மேற்பட்ட பற்களைப் பிடுங்கியே இருக்க வேண்டாம்.

டாக்டரிடமே போய்க் கேட்டாள்.

"ரூட் கெனாலுக்கு மூணு தடவ வரணும்மா. மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆளுங்க எங்க வரப்போறாங்க? பாதியில விட்டுட்டு வீங்கிக்கினு வந்து நிப்பாங்க. புடுங்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுது. நீயும் நல்ல வேரா வேணும்னு கேட்ட."

கடைசியில் சொன்னது அவளைச் சுருக்கென்று தைத்தது.

அப்போது சிகிச்சை நாற்காலியில் தனகோடி கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கடியில் சிந்தும் மண்ணை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. அறுபதாவது பல் அவள் வாயில் இருந்தது. டாக்டர் அதைப் பிடுங்கும்வரை வெண்மதி பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், ஆராய்ச்சி தொடங்கிவிடலாம். அவள் மனம் தடுமாறியது உண்மைதான்.

"அக்கா, இந்தப் பல்லப் புடுங்காமலே காப்பாத்தலாம். மூணு தடவ வரணும். நானே செய்யறேன், செலவு இல்ல. உங்களால வர முடியுமா?"

"அப்பிடி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியேம்மா! செகண்ட் ஷிஃப்ட் வாரத்துல காலையில வூட்லதான கெடக்குறேன். வர்றதுக்கு என்னா?"

சசிகுமார் கையிலிருந்த பல் பிடுங்கும் குறட்டைத் தட்டில் வைத்தார்.

"போன மாசம் இந்தாண்ட ஒண்ணு புடுங்குனாரே, அதுவும் தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டாள் தனகோடி.

வெண்மதி அவள் அருகில் வந்தாள். "தப்பிச்சிருக்கும்க்கா. அது என் ஆராய்ச்சிப் புட்டியிலதான் கெடக்கும். என்னை மன்னிச்சிடுங்க."

தனகோடி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"பல்லு என்னுதுங்க. நான் வர மாட்டேன்னு நீங்களாவே எப்பிடி முடிவு பண்ணீங்க? கான்ட்ராக்ட்காரின்னா என்ன, வாயி இருக்குல்ல? ஒரு வார்த்த கேட்டுட்டு அப்பறமா வைத்தியம் பாருங்க."

சசிகுமார் தலை குனிந்தபடி நோயாளிகள் வரவேண்டிய நாளைக் குறிக்கும் நோட்டை மேசையிலிருந்து இழுத்துப் பிரித்தார்.

"அடுத்த வாரம் உனக்கு எந்த ஷிஃப்ட்டும்மா?" என்று கேட்டார்.