சுற்றி வரும் கண்ணு

மாடியறையில் நான்கு பெண்களுக்கு ஒரே மூக்குக்கண்ணாடி. கறுப்புக் கோட்டுகளுக்கு மடிப்பு, காலர், பொத்தான் என்று ஆளுக்கொரு வேலையாகக் கையால் தைத்து முடிக்கிற அறை அது. கண்ணாடியின் ஒரு பக்கக் காது முறிந்து, நூலால் கட்டியிருந்தது. அதை யாரும் கண்ணாடி என்று சொல்வதில்லை; ‘கண்ணு’தான்.

“கண்ணு யார்கிட்ட?”

“மடிப்புக்காரி அக்காகிட்ட. ஊசி கோத்துட்டுத் தருவாங்க.”

தைப்பதற்கு விரல் போதும். கறுப்பு நூலை ஊசியில் கோக்கத்தான் கண் வேண்டும். நூல் தீர்ந்தவளுக்கு ஊசிக் காது பனிமூட்டமாய் மிதக்கும். ஜன்னலுக்கு நேரே பிடித்தாலும் வெறும் வெளிச்சம்தான். கண்ணு வந்து சேரும்வரை, முந்தின இரவு கண்ட கனவைச் சொல்வாள்.

ஒருநாள் பொத்தான்காரி சொந்தக் கண்ணாடியோடு வந்தாள். மகள் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய் வாங்கித் தந்தது.

“டீச்சரம்மா வந்துட்டாங்க! எழுந்து நிக்கணுமாடி?” என்றாள் காலர்காரி.

சிரித்தார்கள். ஆனால் அன்று அவள் ஊசி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மற்ற மூவரும் ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“...கதவைத் திறந்தா, உள்ள ஆறு ஓடுது...” கனவு சொல்லும் காலர்காரியின் குரல்.

“எந்தக் கதவுக்கா?” என்றாள் பொத்தான்காரி, தன் இடத்திலிருந்தே.

“நீ தைம்மா. உன் வேலை கெட்டுடும்.”

குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. இனி எல்லா நாளும் இப்படித்தானா? பொத்தான்காரி கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

“இதையும் சுத்த விடுங்க.”

சின்னவள் வாங்கிப் போட்டாள். ஐம்பது வயதானாலும் அந்த அறையில் அவள்தான் சின்னவள்.

“ஐயையோ, தரை எழும்பி வருது! பிடிங்க!”

மடிப்புக்காரி கண்ணாடியைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். “உன் அளவுக்குச் செஞ்சதுடி. எங்களுக்கு ஆகாது.”

பொத்தான்காரி அதை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு தன் முக்காலியை மூவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள்.

“ஊசியைக் குடுங்க. நான் கோத்துத் தரேன்.”

“அப்போ நம்ம பழைய கண்ணு?”

“கொஞ்சம் தூங்கட்டும்.”

மூன்று ஊசிகள் அவள் மடிக்கு வந்தன. நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கினாள். அவசரப்படவில்லை.

“கோத்தாச்சா?” என்றாள் காலர்காரி.

“இருங்கக்கா. கதவைத் திறந்தீங்க. அப்புறம்?”

“ஆறு. நாம தைச்ச கோட்டெல்லாம் கையை வீசி நீந்திப் போகுது.”

“நான் இருந்தேனா?”

“இருந்தே. எதிர்க்கரையில, முதுகைக் காட்டிக்கிட்டு.”

“கூப்பிட்டிருக்கலாம்ல?”

“தண்ணி சத்தம்டி. கேக்கணுமே.”

“இப்பத் திரும்பிட்டேன்,” என்றாள் பொத்தான்காரி. “மேல சொல்லுங்க.”